தோடு போன கணக்கு

பகல் பன்னிரண்டு மணிக்கு வங்கிக் கவுண்டரில் ஒரு அக்கா வந்து நிற்கிறார். கையில் கர்ச்சீப் முடிச்சு. அவிழ்த்தால் ஒரு ஜோடித் தோடு, ஒரு மூக்குத்தி.

‘எதுக்குக்கா?’

‘ஆஸ்பத்திரிக்குத் தம்பி.’

‘ஆபரேஷனுக்கா? காப்பீட்டு அட்டை இருக்குல்ல, அதுலயே பண்ணுவாங்களே?’

‘ஆபரேசன் ஓசிதான். அதெல்லாம் முடிஞ்சிருச்சு. அங்க கெடந்து திங்கணும்ல?’

அங்கே கிடந்து தின்ன வேண்டும். தோழர்களே, இந்தத் தலையங்கம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். இதை எழுதுகிறவன் வங்கியில் எழுத்தராக இருந்து பார்த்த வகையில், பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து அடகுக்கு வருகிற நகைகளில், கல்யாணம் காதுகுத்துக்கு அடுத்தபடி ஆஸ்பத்திரிதான். வைத்தியத்துக்குப் போகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தால், மருந்தும் மாத்திரையும் அரசாங்கம் தந்திருக்கிறது. தோடு போனது இட்லிக்கும் டீக்கும் பஸ்சுக்கும் கட்டணக் கழிப்பறைக்கும்.

இதில் இன்னொரு கொடுமை, நகை ஒன்றுதான், வட்டி ஒன்றில்லை. நிலம் உள்ளவர் சிட்டா அடங்கல் கொண்டுவந்து காட்டினால் அது விவசாய நகைக்கடன், வட்டி குறைவு. அந்த அக்காவிடம் சிட்டா கிடையாது. அவர் களை எடுக்கிற நிலத்துக்கு வேறொருவர் பேரில் சிட்டா இருக்கிறது. ஆகவே அதே எடைத் தங்கத்துக்கு அவர் கூடுதல் வட்டி கட்டுகிறார். அதற்கும் வரிசையில் நிற்க முடியாதவர்கள் அடகுக்கடைக்குப் போகிறார்கள், அங்கே வட்டி இன்னும் மேலே. நிலமற்றவனாக இருப்பதற்கு ஆஸ்பத்திரி வரைக்கும் அபராதம் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்தோ ஆண்டிமடம் பக்கத்திலிருந்தோ ஒரு கூலிக் குடும்பம், நோயாளியை வெளியூர் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும். எழுந்து கக்கூஸ் போகப் பிடித்துக்கொள்ள, ஸ்கேனுக்கு வண்டி தள்ள, ரத்தம் எடுத்த குப்பியை லேபில் கொடுத்துவிட்டு வர, பிளாஸ்க்கில் சுடுதண்ணி வாங்க. அரசு ஆஸ்பத்திரி நர்சுகளின் பாதி வேலையை இந்த ‘கூட இருப்பவர்’தான் சம்பளம் இல்லாமல் செய்கிறார். 2024-25ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 319 ரூபாய். பத்து நாளைக்கு 3190. நோயாளியின் கூலியும் போனது, அதுவும் ஒரு 3190. கூட இருப்பவர் இரண்டு வேளைதான் சாப்பிடுகிறார் என்றாலும் டீயோடு சேர்த்து நாளைக்கு நூற்றைம்பதுக்குக் குறையாது, அது 1500. வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் போய் ஒருவர் வருகிற பஸ், குளியலறை, பாய், கொசுவத்தி. எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதில் வைத்தியத்துக்கு ஒரு பைசா இல்லை.

இந்தச் செலவு யாருக்கும் தெரியாததில்லை. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் வீடு வீடாக எடுக்கும் சுகாதாரக் கணக்கில் வைத்தியச் செலவுக்கு ஒரு பகுதி, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆன செலவுக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணுவதற்குக் கட்டம் போட்டவர்கள், கொடுப்பதற்குப் போட்ட திட்டத்தில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டார்கள். காப்பீட்டு அட்டை அறுவைக்குப் பணம் கட்டும், வராந்தாவில் படுத்திருக்கிற பெண்சாதிக்குக் கட்டாது.

படுப்பது எங்கே என்பது அடுத்த கதை. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் இருக்கக் கூடாது, சரிதான். அப்படியானால் அந்த ஆண் எங்கே போவான்? மரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு. போலீஸ்காரர் தடியால் தட்டி எழுப்பி ‘எந்த ஊருடா, அட்டையக் காட்டு’ என்பார். இவன் அட்டையைக் காட்டுவதா, கண்ணில் நிற்கிற தூக்கத்தைக் காட்டுவதா? நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் ரொட்டியும் பாலும் சாப்பாடும் உண்டு. தேறவேண்டிய உடம்பு அதில் பாதியைக் கூட இருப்பவருக்குத் தள்ளிவைக்கும். வார்டுக்குள் போய் ஒரு வேளை நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தாங்கமுடியாமல் ஒருநாள் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். கேஸ் ஷீட்டில் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதி மூடுகிறார்கள். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் எழுதுகிற சொல். கேன்சருக்குக் கரண்ட் வைப்பது என்று நம் ஜனங்கள் சொல்கிற கதிர் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்கு அடியில் இருப்பது சில நிமிஷம். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் தொடர்ந்து போகவேண்டும். செந்துறையிலிருந்தோ குன்னத்திலிருந்தோ தினமும் இரண்டு பஸ் மாறி, வாந்தியோடு, யார் போய் வருவது? அந்த நோய்க்குத் தங்குமிடமும் ஒரு மருந்து. பாதியில் நின்றால் வைத்த கரண்ட் வீண், உயிரும் வீண். நம் தெருக்களில் ‘கேன்சர்னா பொழைக்கமாட்டாங்க’ என்று சொல்வதற்கு நோய் பாதிக் காரணம் என்றால் பாய் பாதிக் காரணம்.

இங்கேதான் வெள்ளை வேன் வருகிறது. தமிழ்நாட்டில் பல தனியார் மருத்துவக் கல்லூரிகள் கிராமத்துக்கு வண்டி அனுப்புகின்றன. இலவச முகாம், இலவச பஸ், இலவசப் படுக்கை, இலவசச் சாப்பாடு. கூட வருகிறவருக்கும் சில இடங்களில் சோறு உண்டு. நம் தெருப் பெரியம்மா ஒருவர் சொன்னார்: ‘வாங்கம்மான்னு கூப்புடுறாங்கப்பா. ஏய் கெழவின்னு ஒருத்தரும் சொல்லல.’ இதைக் கேட்டுவிட்டு ‘அங்கே போகாதீர்கள், அது முதலாளித்துவச் சதி’ என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. போகட்டும். சோறு கிடைக்கிற இடத்தில் சாப்பிடட்டும், மருந்து கிடைக்கிற இடத்தில் வாங்கட்டும். அங்கே வேலை பார்க்கிற டாக்டரிலும் நர்சிலும் மனசார வைத்தியம் பார்க்கிறவர்கள் உண்டு.

ஆனால் அது தருமம் என்று நம்மிடமே சொல்லும்போது ஒரு விஷயத்தை நாம் அவர்களுக்கு ஞாபகப்படுத்தியாக வேண்டும். மருத்துவக் கல்லூரி நடத்த அனுமதி வேண்டுமானால் கட்டடமும் பேராசிரியரும் மட்டும் போதாது, படுக்கையில் ஆள் இருக்கவேண்டும். நூறு படுக்கைக்கு எழுபத்தைந்தாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது பழைய மருத்துவக் கவுன்சில் காலத்து விதி. காலியாகக் கிடந்தால் சீட்டுக்கு ஆபத்து. ஒரு சீட்டின் விலை என்ன என்று நாம் சொல்லவேண்டியதில்லை. மாணவன் கைவைத்துப் பார்க்க வயிறு வேண்டும், ஸ்டெத் வைக்க நெஞ்சு வேண்டும். பணக்காரன் தன் வயிற்றை இருபது பேர் அழுத்திப் பார்க்க விடுவானா? நம் வயிறுதான் பாடப்புத்தகம். 2025ல் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் நடந்த லஞ்சம் பற்றி நாடு தழுவிய ஒரு வழக்கை சி.பி.ஐ. பதிவு செய்தது. ஆய்வு நாளில் போலி நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள் என்பதும் அதில் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. வியாதி இல்லாத ஏழைக்குக்கூட அன்றைக்குப் படுக்கை உண்டு.

ஆகவே கொடுக்கல் வாங்கல் என்று பேசுவோம். நாம் உடம்பைக் கொடுக்கிறோம், நீங்கள் சோறு கொடுக்கிறீர்கள். இதில் யாருக்கு யார் நன்றி சொல்வது? ஒரு டாக்டர் தன் கையில் தொழில் படிந்ததற்கு எத்தனை சேரி உடம்புகளுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் சொல்வதில்லை.

தருமச் சோற்றின் சரித்திரமே நமக்கு எதிரான சரித்திரம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை. 1801ல் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் தம் சத்திரங்களைப் பற்றி கும்பினி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் பறையர் வரை வந்தவருக்கெல்லாம் சோறு உண்டு, வழியில் நோயுற்றவருக்கு வைத்தியர் உண்டு என்கிறார். இருநூறு வருஷத்துக்கு முன்பே கூட ஒரு ராஜா நோயாளிக்குச் சோறும் இடமும் மருந்தும் சேர்த்தே யோசித்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்வோம். எல்லாருக்கும் சோறு என்பது ஒன்று, எல்லாரும் ஒரே திண்ணையில் என்பது வேறொன்று. வெள்ளாற்றுக்கு அந்தாண்டை வடலூரில் 1867ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னமும் அணையவில்லை. அப்படியிருந்தும், பொதுச்சாலை, கிணறு, பொது இடங்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைய ஒருவரும் ஆட்சேபிக்கக் கூடாது என்று 1924ல் சென்னை மாகாண சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தேவையிருந்ததால்தானே கொண்டுவந்தார்?

தங்க இடம் என்பது நமக்குச் சாதிப் பிரச்சினைதான், எப்போதும். 1917ல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு உத்தியோகத்துக்குப் போன பாபாசாகேப் அம்பேத்கருக்கு ஒரு இந்து ஓட்டலிலும் இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். அதே நினைவுக் குறிப்புகளில் அவர் இன்னொரு சம்பவத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறார். 1929ல் பத்திரிகையில் வந்தது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர், பிள்ளை பெற்ற மனைவிக்குக் காய்ச்சல். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் இரண்டு ரூபாய் ஃபீசுக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொல்கிறார். பச்சைப் பிள்ளையோடு அந்தப் பெண்ணை வெளியே தூக்கிவந்து கிடத்துகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் தர, அவர் புருஷன் கையில் தர, புருஷன் மனைவிக்கு வைத்து எடுத்து அதே வழியில் திருப்பித் தருகிறார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இன்றைக்குத் தெர்மாமீட்டர் அப்படிக் கைமாறுவதில்லை, உண்மை. ஆனால் உள்ளே வைத்தியம், வெளியே வெறுந்தரை என்ற ஏற்பாடு இருக்கிறதே, அது அந்த டாக்டர் போட்ட கோட்டின் மிச்சம்தான் என்று நமக்குப் படுகிறது.

இதே காலத்தில் மராட்டியத்தில் ஒரு மனிதர் துடைப்பமும் மண்சட்டியுமாகத் திரிந்தார். காட்கே மகராஜ், 1876ல் வண்ணார் குலத்தில் பிறந்தவர். ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதல் வேலையாகத் தெருவைக் கூட்டுவார், ராத்திரி கீர்த்தனம் பாடுவார், விழுகிற காசில் சத்திரம் கட்டுவார். பண்டரிபுரத்துக்கு யாத்திரை வருகிற மகார் மக்களுக்குத் தங்க இடமில்லை என்று அங்கே சொக்கமேளர் பெயரில் சத்திரம் கட்டினார். பிற்பாடு அதை அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பாபாசாகேப் மறைந்து இரண்டு வாரத்தில், 1956 டிசம்பர் 20ல் அவரும் போய்ச் சேர்ந்தார். பம்பாய் தாதரில் அவர் பெயரில் உள்ள தர்மசாலையில்தான், பரேல் டாட்டா மருத்துவமனைக்கு வருகிற ஏழைக் கேன்சர் நோயாளிகளும் கூட வந்தவர்களும் சொற்பக் காசுக்குத் தங்குகிறார்கள். ஒரு வண்ணார் வீட்டுப் பிள்ளை பெயரில் உள்ள இடத்தில் எல்லாச் சாதி நோயாளியும் படுத்து எழுகிறார்கள். அங்கே தரும் பாய்க்குச் சாதி இல்லை, ஏனென்றால் கொடுத்தவன் புண்ணியத்துக்குக் கொடுக்கவில்லை.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2017ல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அங்குள்ள இடதுசாரி வாலிபர் சங்கம் மத்தியானப் பொட்டலச் சோறு கொடுக்கத் தொடங்கியது, மற்ற ஊர்களுக்கும் பரவியது. பெரிய அடுப்பு கிடையாது. இன்றைக்கு இந்தக் கிளை, நாளைக்கு அந்தக் கிளை. அந்தப் பகுதி வீடுகளில் தங்களுக்குச் சமைப்பதோடு ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டி வைக்கிறார்கள், பையன்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். வாங்கித் தின்பவருக்கு அது யார் வீட்டுச் சோறு, எந்தத் தெருச் சோறு என்று தெரியாது. கூட்டணி அரசியலில் நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்தப் பொட்டலத்தின் முன்னால் நாம் வெட்கப்படத்தான் வேண்டும். ஏப்ரல் 14க்கு நாம் கட்டுகிற டிஜிட்டல் பேனர்களின் காசில் ஒரு வார்டுக்கு எத்தனை நாள் சோறு போடலாம் என்று கிளைத் தோழர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்கட்டும். பேனரில் நம் மூஞ்சி இருக்கும், பொட்டலத்தில் இருக்காது. அதுதான் இடைஞ்சல் போலிருக்கிறது.

இங்கே நம் தெருப் பொட்டலத்தை ஊர்த்தெரு நோயாளி வாங்கித் தின்பாரா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 2018ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியர் அம்மா ஒருவர் பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. பிள்ளைகள் சோற்றிலேயே அப்படி. எனவே சோறு கேட்கும்போது சமையல்கட்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஆஸ்பத்திரியில் கூட இருப்பவருக்குச் சமைக்க அரசு ஆள் எடுக்கிறதென்றால் அந்த வேலையில் இடஒதுக்கீட்டின்படி நம் பெண்கள் இருக்கவேண்டும். கழுவுகிற வேலையில் மட்டும் நம்மை முழுசாக நிரப்பி வைத்திருக்கிறார்களே, கரண்டியைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கட்டும்.

அரசால் முடியாது என்று சொல்ல முடியாது. 2002ல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டத்தை அறநிலையத்துறை நூற்றுக்கணக்கான கோயில்களில் நடத்துகிறது. 2013ல் அம்மா உணவகம் வந்தது. 2011லிருந்து பிரசவத்துக்கு வருகிற தாய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச உணவு மத்தியத் திட்டத்திலேயே உண்டு. சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் கூட இருப்பவர்களுக்கென்றே மாநகராட்சி இரவுக் காப்பகம் வைத்திருக்கிறது. சென்னைக்கு நியாயமானது ஆண்டிமடத்தானுக்கு எப்படி அநியாயமாகும்? 2011 கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் நாம்தான். அரியலூரில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி சிமெண்டாக்கி ஊருக்கெல்லாம் வீடு கட்ட அனுப்புகிற மண் இது. நோயாளியோடு வந்தவனுக்கு ஒரு கூரை போடச் சிமெண்டு இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 150 மாணவர்கள் வருஷத்துக்கு. அந்தக் கல்லூரி அரங்குக்குக் குழுமூர் அனிதாவின் பெயர். மூட்டை தூக்குகிற தகப்பனின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் டாக்டராக முடியாமல் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் போனவர். பெயர் வைத்தது சரி, நாமும் வரவேற்றோம். அந்தப் பெண் டாக்டராகியிருந்தால் அரங்கத்தைவிட முதலில் எதைக் கேட்டிருப்பார் என்று நினைக்கும்போதுதான் நமக்கு வராந்தா ஞாபகம் வருகிறது.

கல்லூரிக்கு அனுமதி தரும்போது மாணவர் விடுதிக்கு விதி இருக்கிறது, நூலகத்துக்கு விதி இருக்கிறது. கூட இருப்பவர் படுக்க இடமில்லை என்று எந்தக் கல்லூரிக்காவது அனுமதி நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அரசு, தனியார் இரண்டுக்கும் அதை விதியாக்க வேண்டும்: இத்தனை படுக்கைக்கு இத்தனை தங்குமிடம், ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, கக்கூசோடு. தனியார் கல்லூரியின் இலவசச் சோறு ஆய்வு முடிந்த மறுநாளும் இருக்கவேண்டும். காப்பீட்டில் கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கும் கூலிக்கும் நாளுக்கு இவ்வளவு என்று சேர்க்கவேண்டும். இது ஆகாயத்திலிருந்து பறித்த யோசனை கிடையாது. சத்துக்குறைவான குழந்தையை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் கூட இருக்கிற தாய்க்குச் சாப்பாடும் கூலி இழப்புக்கு ஒரு தொகையும் தரலாம் என்று தேசிய வழிகாட்டுதலே இருக்கிறது. குழந்தைக்குச் செல்லுபடியாகிற நியாயம் கிழவிக்கும் செல்லவேண்டும்.

இதையெல்லாம் கேட்கப்போனால் ‘ஓசி’ என்பார்கள். 2022ல் பெண்களின் இலவச பஸ்சையே ஒரு அமைச்சர் மேடையில் ‘ஓசி’ என்றார். அந்த அக்காவும் தன் வாயால் ‘ஆபரேசன் ஓசிதான்’ என்றுதான் சொன்னார். நாம் கையில் கணக்கோடு போகவேண்டும்.

ஆகவே வாசகத் தோழர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தவர் எத்தனை நாள் இருந்தார், கூட யார் இருந்தது, எங்கே படுத்தது, சாப்பாடு என்ன ஆனது, கூலி எத்தனை நாள் போனது, எதை எங்கே அடகு வைத்தது, அது திரும்பியதா, எல்லாவற்றையும் எழுதி இதழுக்கு அனுப்புங்கள். பேர் வேண்டாம், ஊர் போதும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும். வருகிறதையெல்லாம் சேர்த்து இரண்டு கலெக்டர் அலுவலகத்திலும் மனுநீதி நாளில் கொடுப்போம். கூட்டல் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சரிபார்க்க இங்கே ஒரு வங்கிக்காரன் இருக்கிறான்.